தளை தட்டியது யாருக்கு?

நடுவர் ஐயா அவர்களே! எனக்கு முன்னால் முழங்கிவிட்டு, இப்போது நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர் அவர்களே! ராஜபாளையத்துப் பெரியோர்களே! ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்து முன்வரிசையில் இடம் பிடித்திருக்கும் தாய்மார்களே! 

"சமுதாயத்தின் வலியைச் சொல்ல ஏற்றது மரபுக் கவிதையா, புதுக்கவிதையா?" இதுதான் இன்றைய தலைப்பு. நான் புதுக்கவிதைக்காகப் பேச வந்திருக்கிறேன். என்னைத் தெரிந்தவர்கள் சிரிக்கிறார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். இருபது வருஷத்துக்கு முன்னால் இதே ஊரில், இதே தலைப்பில், எதிரணியில் உட்கார்ந்து புதுக்கவிதையைக் கிழி கிழி என்று கிழித்தவன் நான்தான். (சிரிப்பு) கட்சி மாறிவிட்டேன் என்று சொல்லாதீர்கள். ஏன் மாறினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் ஒரு உவமை சொன்னார். "மரபுக் கவிதை ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. புதுக்கவிதை தண்ணி கலந்த பால்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். நான்கூடத் தட்டினேன். உவமை நல்லா இருந்தது. ஆனால் பால்கோவா கிண்டுகிற ஒருவரைப் போய்க் கேளுங்கள். "எதுலப்பா இருக்கு ருசி? சட்டியிலா?" என்று கேளுங்கள். சிரிப்பார். நல்ல பால் வேண்டும், அளவான சர்க்கரை வேண்டும், விறகு அடுப்பு வேண்டும், கை ஓயாமல் கிண்ட வேண்டும். பால் சுண்ட வேண்டும். சுண்டினால்தான் கோவா. யாப்பு என்பது சட்டி. சட்டி நன்றாக இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் சட்டியைக் காட்டி, உள்ளே இருப்பது கோவாதான் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. எதுகை மோனை கைகொடுக்காத புதுக்கவிதைக்காரன் இன்னும் அதிகமாகச் சுண்ட வைத்தாக வேண்டும். அவனுக்கு ஒளிந்துகொள்ள இடம் கிடையாது.

சரி, வரலாற்றுக்கு வருவோம். "புதுக்கவிதை வெள்ளைக்காரன் கொடுத்தது" என்றார் நண்பர். தொல்காப்பியர் வெள்ளைக்காரரா? பொருளதிகாரத்தில் செய்யுளியல் என்று ஒரு பகுதி. அதிலே வனப்பு எட்டு என்று பட்டியல் போடுகிறார். அந்த எட்டில் ஒன்றுக்கு அவர் வைத்த பெயர் என்ன தெரியுமா? "விருந்து." புதிதாக ஒரு வடிவத்தில் பாடுவதற்குத்தான் விருந்து என்று பெயர். நம் வீட்டுக்கு வருகிற புது ஆளுக்கு என்ன பெயரோ, அதே பெயர்! விருந்து என்றால் புதுமை. இலக்கணம் எழுதிய காலத்திலேயே, "புதுசா ஒருத்தன் வருவான், அவனுக்கும் ஒரு இலை போட்டு வை" என்று சொல்லிவிட்டார். நாம்தான் வந்த விருந்தாளியை வாசலில் நிறுத்தி வைத்து, சாதிச் சான்றிதழ் மாதிரி யாப்புச் சான்றிதழ் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு பாத்திரம் இருந்திருக்கிறது. சங்கப் புலவனுக்குப் பெரும்பாலும் ஆசிரியப்பா. வள்ளுவருக்கு வெண்பா. கம்பனுக்கு விருத்தம். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாருக்குச் சிந்து. சென்னிகுளம் எங்கே இருக்கிறது? நம்ம சங்கரன்கோவில் பக்கம். அந்தச் சிந்தை எடுத்துத்தான் எட்டயபுரத்துப் பாரதி 1912-இல் பாஞ்சாலி சபதத்தைப் பாடினார். அன்றைக்குப் பண்டிதர்கள் எத்தனை பேருக்கு அது காவியமாகத் தெரிந்திருக்கும்? காவடி எடுப்பவன் பாடுகிற மெட்டு அல்லவா அது!

தாய்மார்களே, உங்கள் ஊருக்கு வருகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் பதினோரு நிலைக் கோபுரம் ஞாபகம் வரும். அந்தக் கோபுரத்தைவிட உயரமாக நிற்கிறவள் ஒரு பெண். ஆண்டாள். அவள் பாடிய திருப்பாவை முப்பது பாட்டும் யாப்புக்கு உட்பட்டதுதான், கொச்சகக் கலிப்பா. எதிரணி நண்பர் மகிழலாம். ஆனால் உள்ளே வைத்தது என்ன? விடியற்காலையில் தோழியை எழுப்புகிற பேச்சு. தூங்குகிறவளைக் கேலி செய்கிற பேச்சு. தெருவில் பெண்கள் பேசுகிற பேச்சு. நாச்சியார் திருமொழியில் ஒரு பெண் தன் ஆசையைத் தன் வாயாலேயே, கூச்சமில்லாமல் சொன்னாள். அப்படி எழுதலாமா என்று இன்றைக்கும் சிலருக்கு வியர்க்கிறது. அவள் அன்றைக்கே எழுதிவிட்டாள்.

அந்த ஆண்டாளின் கதையைக் கிருஷ்ணதேவராயர் தெலுங்கிலே பாடினார். ஆமுக்தமால்யதா. சூடிக்கொடுத்தவள் என்று அர்த்தம். அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் யார்? இந்த ராஜபாளையத்து மு.கு. ஜகந்நாத ராஜா. 1989-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி மொழிபெயர்ப்புப் பரிசு அதற்குக் கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண், தெலுங்குக்குப் போய், ராஜபாளையம் வழியாக வீடு திரும்பினாள். (கைதட்டல்) பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் இவ்வளவு நடந்திருக்கிறது. வெளியிலிருந்து வந்தால் தமிழ் கெட்டுப்போகும் என்று இந்த ஊரில் நின்றுகொண்டு யாரும் பேச முடியாது.

புதுக்கவிதையும் அப்படித்தான். அமெரிக்காவில் 1855-இல் வால்ட் விட்மன் "புல்லின் இதழ்கள்" போட்டார். பாரதி விட்மனைப் படித்தார், அவரைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார், தாமும் வசன கவிதை எழுதிப் பார்த்தார். 1921-இல் பாரதி போய்விட்டார். அதன்பின் அந்த விதை கொஞ்ச நாள் மண்ணுக்குள்ளே கிடந்தது. 1934-இல் மணிக்கொடியில் ந. பிச்சமூர்த்தி எழுத ஆரம்பித்தார். கு.ப. ராஜகோபாலன் எழுதினார். 1959-இல் சி.சு. செல்லப்பா "எழுத்து" என்று ஒரு பத்திரிகை தொடங்கினார். பத்திரிகையையும் புத்தகத்தையும் தம் தோளில் சுமந்து கொண்டுபோய் விற்ற மனிதர் அவர். 1962-இல் "புதுக்குரல்கள்" என்று புதுக்கவிதைத் தொகுப்பு ஒன்றையும் போட்டார். பிச்சமூர்த்தி "பெட்டிக்கடை நாரணன்" என்று ஒரு கவிதை எழுதினார். தலைப்பைப் பாருங்கள். ராஜா இல்லை, ரிஷி இல்லை. பெட்டிக்கடைக்காரர்! தமிழ்க் கவிதைக்குள்ளே ஒரு பெட்டிக்கடைக்காரர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன். எழுத்துக் காலத்துக் கவிதைகளில் நிறைய, மனசுக்குள்ளே பேசிய கவிதைகள். சபைக்கு வந்து, சமுதாயத்தைப் பார்த்து, "ஏன்யா இப்படி?" என்று சத்தமாகக் கேட்டது 1970-களில்தான். அது ஏன் அந்த நேரத்தில் நடந்தது? நம் வீட்டுக் கதையை யோசித்துப் பாருங்கள். காமராசர் திறந்த பள்ளிக்கூடத்தில், 1956-இல் தொடங்கிய மதிய உணவைச் சாப்பிட்டுப் படித்த பிள்ளைகள் கல்லூரியை முடித்து வெளியே வந்த காலம் அது. அந்த வம்சத்தில் முதல்முதலாகப் பேனா பிடித்தவர்கள். கையில் பட்டம் இருந்தது, வேலை இல்லை. 1965-இல் மொழிப் போராட்டத்தைப் பார்த்தவர்கள். அரிசிக்கு வரிசையில் நின்றவர்கள். சொல்வதற்கு வண்டி வண்டியாக விஷயம் இருந்தது.

1971-இல் கோவையில் "வானம்பாடி" வந்தது. விலை இல்லாத இதழ். புவியரசு, சிற்பி, ஞானி, இன்னும் பலர். அதே 1971-இல் நா. காமராசனின் "கறுப்பு மலர்கள்" வந்தது. திருநங்கையரைப் பார்த்தால் கல்லெறிந்து கேலி செய்த காலத்தில், அவர்களுக்காக ஒரு கவிதை எழுதினார் அவர். சினிமாக்காரர்கள்கூட அவர்களைச் சிரிப்புக்குத்தான் பயன்படுத்திய காலம்! 1974-இல் மு. மேத்தாவின் "கண்ணீர்ப் பூக்கள்", அப்துல் ரகுமானின் "பால்வீதி", மீராவின் "ஊசிகள்". கல்லூரி விடுதியில் ஒரு புத்தகத்தைப் பத்துப் பேர் மாற்றி மாற்றிக் கையால் எழுதி வைத்துக்கொண்ட காலம் அது.

எதிரணி நண்பருக்கு ஒரு தகவல். "யாப்பு தெரியாதவன் புதுக்கவிதை எழுதுகிறான்" என்றார். சிற்பி யார்? தமிழ்ப் பேராசிரியர். அப்துல் ரகுமான்? தமிழ்ப் பேராசிரியர். மேத்தா, மீரா? தமிழ்ப் பேராசிரியர்கள். வெண்பாவுக்கு வகுப்பு எடுத்துவிட்டு வந்துதான் இவர்கள் இதை எழுதினார்கள். நீச்சல் தெரியாமல் கிணற்றில் விழுந்தவர்கள் அல்ல, தெரிந்தே குதித்தவர்கள்.

கடலுக்கு அந்தப் பக்கம் பார்ப்போம். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தார்கள். எம்.ஏ. நுஃமான் "புத்தரின் படுகொலை" என்று ஒரு கவிதை எழுதினார். நூலகம் எரிந்ததைச் சொல்ல எத்தனையோ அறிக்கைகள் வந்தன. இன்றைக்கும் அந்த நெருப்பு நம் நெஞ்சில் சுடுகிறது என்றால் அந்தக் கவிதைக்கும் அதில் பங்கு உண்டு. 1985-இல் "மரணத்துள் வாழ்வோம்", 1986-இல் பெண்களின் கவிதைகளாக "சொல்லாத சேதிகள்". குண்டு விழுகிற ஊரில், உட்கார்ந்து சீர் எண்ண எல்லாருக்கும் நேரம் கிடைப்பதில்லை ஐயா. இங்கே 1988-இல் பழமலய் "சனங்களின் கதை" கொண்டுவந்தார். தன் கிராமத்து மனிதர்களை, சொந்தக்காரர்களை, அவர்கள் பேசுகிற பேச்சோடு கவிதைக்குள் கூட்டிவந்தார். 2000-இல் துவரங்குறிச்சி சல்மாவின் "ஒரு மாலையும் இன்னொரு மாலையும்" வந்தது. வீட்டுக்குள் இருந்துகொண்டே எழுதிய பெண். நான் அந்தப் புத்தகத்தின் பெயரைப் படித்தபோது எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மாலைதான் ஞாபகம் வந்தது. அது பூமாலை, இது பொழுது மாலை. இரண்டையும் எடுத்தது ஒரு பெண்ணின் கை.

நடுவர் ஐயா மணியைத் தொட்டுப் பார்க்கிறார். இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். எதிரணிக்குக் கொடுக்க வேண்டியதையும் கொடுத்துவிடுகிறேன்.

புதுக்கவிதையின் பெயரால் குப்பையும் வந்தது. ஒப்புக்கொள்கிறேன். ஒரு வரியை நாலாக மடித்து, கடைசியில் மூன்று ஆச்சரியக்குறி போட்டுவிட்டுக் கவிஞர் ஆனவர்கள் உண்டு. வரதட்சணையை எதிர்த்துக் கவியரங்கத்தில் கண்ணீர் வரப் பாடிவிட்டு, மறுமாதம் தன் கல்யாணத்துக்கு ஸ்கூட்டர் வாங்கியவரை எனக்குத் தெரியும். (சிரிப்பு) 1961-லேயே வரதட்சணைத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. கவிதை எழுதினோம், கை தட்டினோம், வாங்கிக்கொண்டும் இருந்தோம். மரபிலே பாரதிதாசன் இருக்கிறார், பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் இருக்கிறார். சமுதாயத்துக்காக அவர்கள் பாடியது வயல்வரைக்கும் போனது. மறுக்கவே முடியாது. மரபுக் கவிதை மனசில் நிற்கும், புதுக்கவிதை நிற்காது என்றாரே, அதிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிக்குத்தான் இப்போது வருகிறேன்.

1994. நான் ஒரு கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த தமிழ் ஆசிரியர். இந்தப் பக்கத்துக் கல்லூரிதான், பெயர் வேண்டாம். யாப்பருங்கலக் காரிகை தலைகீழாகத் தெரியும் என்ற கர்வம். வருகிறபோதே பையில் சிவப்புப் பேனா. ஆண்டு விழாக் கவியரங்கத்துக்கு மாணவர்களிடம் கவிதை கேட்டிருந்தோம். தேர்வு செய்கிற பொறுப்பு எனக்கு.

ஒரு பையன் வந்தான். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் ஒரு கிராமம். மடித்து மடித்து நைந்துபோன ஒரு தாள். அவன் தங்கச்சியைப் பற்றிய கவிதை. பத்து வயசுப் பிள்ளை. விடியற்காலை நாலு மணிக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்து ஹாரன் அடிக்கும். தூங்குகிற பிள்ளையை அம்மா தூக்கிக்கொண்டு போய் வண்டிக்குள் வைப்பாள். இருட்டில் போய் இருட்டில் வரும். எத்தனை கட்டை குச்சி அடுக்கினோம் என்று தப்பில்லாமல் எண்ணிச் சொல்லும். தன் பெயரை எழுதத் தெரியாது. அண்ணன் காலேஜ் பீஸில் அதன் விரலும் இருக்கிறது. இதுதான் விஷயம்.

நீங்கள் இப்போது அமைதியாகிவிட்டீர்கள். நான் அன்றைக்கு என்ன செய்தேன் தெரியுமா? அதை அகவல் என்று நினைத்துச் சீர் பிரித்துப் பார்த்தேன். சரியாக வரவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து, மேலே எழுதினேன்: "தளை தட்டுகிறது. திருத்திக் கொண்டு வரவும்." அவன் ஒன்றும் பேசவில்லை. "சரிங்கய்யா" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனான். திருப்பிக் கொண்டுவரவே இல்லை. அந்தக் கவியரங்கத்தில் நான் தேர்ந்தெடுத்த கவிதை நிலாவைப் பற்றியது. தளை தட்டாத நிலா.

இளைய பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். சீருக்கும் சீருக்கும் உள்ள கட்டுக்குத் தளை என்று பெயர். கட்டு பிசகினால் தளை தட்டுகிறது என்போம். தளை என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. விலங்கு. காலில் பூட்டுகிற விலங்கு.

1986-லேயே குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்துவிட்டது. தீப்பெட்டியும் பட்டாசும் அந்தத் தடைப் பட்டியலில் இருந்தன. ஆனால் வீட்டில் குடும்பத்தோடு செய்தால் தடை இல்லை என்று ஒரு சந்து வைத்திருந்தார்கள். சந்து இருந்தால் வண்டி போகத்தானே செய்யும்? 1996 டிசம்பரில், எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சிவகாசிப் பிள்ளைகளுக்காக உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆபத்தான வேலையில் வைத்திருந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை தர அரசு பார்க்க வேண்டும், முடியாவிட்டால் அரசு தன் பங்காக 5,000 ரூபாய் போட வேண்டும் என்றது. 2009-இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. நான் கவிதையால்தான் அந்த வண்டி நின்றது என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் பொய். சட்டம் செய்தது, பள்ளிக்கூடம் செய்தது, சத்துணவு செய்தது, ஊர் ஊராக நடந்த தொண்டர்கள் செய்தார்கள்.

அப்படியென்றால் கவிதைக்கு என்ன வேலை? நாலு மணிக்கு ஹாரன் அடிக்கிறபோது, நாம் புரண்டு படுத்துக் கண்ணை மூடிக்கொள்கிறோமே, அப்போது மூட விடாமல் செய்வதுதான் வேலை. சட்டத்துக்குப் பிள்ளை என்றால் எண்ணிக்கை. கவிதைக்குத்தான் அது யார் வீட்டுத் தங்கச்சி என்று தெரியும். அப்படி ஒரு கவிதை என் மேஜைக்கு வந்தது. நான் அதைத் திருப்பி அனுப்பினேன்.

சில வருஷத்துக்கு முன்னால் இதே ராஜபாளையத்தில் ஒரு பட்டிமன்றம். நான்தான் மரபு அணித் தலைவர். நன்றாகப் பேசிவிட்டதாக நினைத்துக்கொண்டு கீழே இறங்கினேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். தலையில் நரை. ஊரைச் சொன்னார், வருஷத்தைச் சொன்னார். எனக்கு உடனே அந்தத் தாள் ஞாபகம் வந்துவிட்டது. அவர் இப்போது பள்ளிக்கூட ஆசிரியர். "தங்கச்சி எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "நல்லா இருக்குய்யா. கையெழுத்துப் போடப் படிச்சுக்கிட்டா. அவ மக காலேஜ்ல சேரப் போறா" என்றார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. "அந்தக் கவிதை வச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லைங்கய்யா. அன்னைக்கே கிழிச்சுட்டேன். அப்புறம் எழுதவும் இல்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "நீங்க தளை தட்டுதுன்னு எழுதிக் குடுத்தீங்க. தளையைத் தட்டத்தானேய்யா நான் எழுதினேன்?"

நான் முனைவர் பட்டம் வாங்கியவன். எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

எதிரணி நண்பரே, புதுக்கவிதை மனசில் நிற்காது என்றீர்கள். அந்தப் பையன் எழுதியதில் ஒரு வரிகூட எனக்கு ஞாபகம் இல்லை. நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் விடியாத இருட்டில் அம்மா தோளில் தூங்கிக்கொண்டே வண்டிக்குப் போகிற அந்தப் பிள்ளையை முப்பது வருஷமாக என்னால் மறக்க முடியவில்லை. நான் தேர்ந்தெடுத்த நிலாக் கவிதைக்கு எதுகை, மோனை எல்லாம் இருந்தது. அதில் என்ன இருந்தது என்று சத்தியமாக எனக்கு நினைவில்லை.

நடுவர் ஐயா, தீர்ப்பு உங்கள் கையில். நான் கேட்பது ஒன்றுதான். இங்கே வந்திருக்கிற அப்பா அம்மாக்களே, ஆசிரியர்களே! நாளைக்கு உங்கள் வீட்டுப் பிள்ளையோ, வகுப்புப் பிள்ளையோ, கசங்கிய தாளில் எதையாவது எழுதிக்கொண்டு வந்து நீட்டினால், முதலில் உட்கார்ந்து முழுசாகப் படியுங்கள். யாரைப் பற்றி எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். எழுத்துப்பிழை, யாப்புப்பிழை எல்லாம் அப்புறம் பார்க்கலாம். வந்திருப்பது விருந்து. முதலில் இலை போடுங்கள்.